எலிக்கு வராத நோயைப் பன்றியில் தேடலாமா?

தேன்சிட்டு

வணக்கம். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. எங்கள் குழு ஆராய்வது சிறுநீரகத்தைப் பாதிக்கும் ஒரு பரம்பரை நோய். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரு மரபணுவின் பழுதான பிரதி வந்தால்தான் பிள்ளைக்கு நோய். (பெயரைச் சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்லை, மன்னிக்கவும்.)

அந்த மரபணுவை எலியில் அடியோடு நீக்கிப் பார்த்துவிட்டார்கள். எலி தின்கிறது, ஓடுகிறது, குட்டி போடுகிறது, வயதாகிச் சாகிறது. சிறுநீரகத்தை அறுத்துப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. அதே மரபணு கெட்ட குழந்தைகளோ பத்து வயதுக்குள் டயாலிசிஸுக்கு வந்துவிடுகிறார்கள்.

எங்கள் வழிகாட்டி பன்றியில் செய்வோம் என்கிறார். பன்றிச் சிறுநீரகம் மனிதச் சிறுநீரகம் மாதிரியே பல மடல்களாக இருக்கும், எலிக்கு ஒரே மடல்தான், மரபணுவை வெட்டி மாற்றும் கிறிஸ்பர் கருவி வந்தபிறகு பன்றியில் மரபணு மாற்றுவதும் முன்போல் கடினமில்லை என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எலியில் வராதது பன்றியில் வரும் என்று எதை நம்பி இறங்குவது? வராமல் போனால் என் ஐந்து வருடமும் போச்சு. இந்தத் துறையில் கைநனைத்தவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல்

நல்ல நேரத்தில் கேட்டீர்கள், பலர் மூன்றாம் வருடத்தில்தான் கேட்பார்கள்.

உங்கள் எலியின் கதை புதிதல்ல. லெஷ்-நைஹான் என்று ஒரு நோய். எச்பிஆர்டி என்ற நொதி இல்லாத பையன்கள் தங்கள் உதட்டையும் விரலையும் தாங்களே கடித்துக் குதறிக்கொள்வார்கள். 1987இல் இரண்டு குழுக்கள் அந்த நொதி இல்லாத எலியை உருவாக்கின. மனித நோய்க்கென்றே உருவாக்கிய முதல் எலிகளில் அவையும் சேர்த்தி. எலிகள் எதையும் கடித்துக்கொள்ளவில்லை, சாதாரணமாகத் திரிந்தன. டே-சாக்ஸ் நோயிலும் அப்படித்தான். குழந்தையைச் சில வருடங்களில் கொன்றுவிடும் அதே குறை இருந்தும் எலி ஏறக்குறைய நலமாகவே இருந்தது. அந்த நோயில் மூளையில் தேங்கும் கொழுப்பைக் கரைக்க எலிக்கு வேறொரு நொதி வழியாக ஒரு சந்துப்பாதை இருந்ததுதான் காரணம்.

நான் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலிலும் குடலிலும் கெட்டிச் சளி அடைக்கும் பரம்பரை நோய்) ஆள், அதனால் என் கதையைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். அந்த நோயில் கெட்டுப்போகும் சிஎஃப்டிஆர் மரபணுவை 1989இல் கண்டுபிடித்தார்கள். 1992இல் எலி தயார். குடல் அடைத்துக்கொண்டது, சரி. நுரையீரலில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. நோயாளிகள் இறப்பது நுரையீரலால்தான். பதினாறு வருடம் இப்படியே போயிற்று. 2008இல் அயோவா, மிசூரி பல்கலைக்கழகக் குழுக்கள் சேர்ந்து சிஎஃப்டிஆர் இல்லாத பன்றிக்குட்டியைப் பிறக்கவைத்தன. கணையம் சிறுத்திருந்தது, பித்தப்பை சுருங்கியிருந்தது, குடல் அடைத்திருந்தது. நுரையீரல் மட்டும் பிறந்த அன்று சுத்தமாக இருந்தது. ஆனால் அதே நுரையீரலால் உள்ளே வந்த பாக்டீரியாவைக் கொல்ல முடியவில்லை. வாரங்கள், மாதங்கள் போகப்போக சளி, தொற்று, வீக்கம் எல்லாம் வந்தன.

அழற்சி முதலா, தொற்று முதலா என்று அதுவரை கோழியா முட்டையா கதையாக ஓடிக்கொண்டிருந்த சண்டைக்கு அந்தக் குட்டிகள்தான் பதில் கொடுத்தன. சுவாசக் குழாயைப் பூசியிருக்கும் மெல்லிய திரவத்தில் அமிலத்தன்மை கூடிவிடுகிறது, அதில் பாக்டீரியாவைக் கொல்லும் இயற்கைப் பொருள்கள் சரியாக வேலை செய்வதில்லை என்று 2012இல் காட்டினார்கள்.

அப்படியானால் எலிக்கு ஏன் வரவில்லை? பதில் 2016இல் வந்தது. மனிதருக்கும் பன்றிக்கும் சுவாசக் குழாயில் ஏடிபி12ஏ என்றொரு பம்ப் உண்டு. அது அமிலத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சிஎஃப்டிஆர் அதை ஈடுகட்டும் காரத்தைத் தரும். சிஎஃப்டிஆர் போனால் அமிலம் மட்டும் மிஞ்சும். எலியின் சுவாசக் குழாயில் அந்தப் பம்ப் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அமிலம் தள்ள ஆளில்லாத இடத்தில் காரம் நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன? நோயுள்ள எலிக்கு வைரஸ் வழியாக ஏடிபி12ஏவைக் கொடுத்துப் பார்த்தார்கள். திரவம் அமிலமானது, பாக்டீரியா பெருகியது.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். எலி ஏன் தப்பியது என்று தெரியாமல் பன்றிக்குப் போகாதீர்கள்.

மாட்டுமணி

நான் கால்நடை மருத்துவர். ஆராய்ச்சிப் பன்றிகளோடு பதினோரு வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். கூழாங்கல் சொன்னது விஞ்ஞானம். நான் பட்டியிலிருந்து பேசுகிறேன்.

பன்றிக்குச் சினைக்காலம் 114 நாள். மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள் என்று மனப்பாடமாக வைத்திருப்போம். எலிக்கு மூன்றே வாரம். குட்டி வளர்ந்து இனப்பெருக்கத்துக்குத் தயாராக ஆறேழு மாதம். மரபணு மாற்றிய செல்லிலிருந்து குளோன் செய்தால், மாற்றுத்தாய்க்குள் வைக்கும் நூறு கருவில் ஒன்றிரண்டு, அதிகம் போனால் ஐந்து, உயிரோடு பிறக்கும். முதல் குட்டிகள் வளர்ந்து, இணைசேர்ந்து, அடுத்த ஈற்றில்தான் நோய்க்குட்டியைப் பார்ப்பீர்கள். எல்லாம் கூடிவந்தால் ஒன்றரை வருடம். கூடிவருவது அபூர்வம்.

பண்ணைப் பன்றி ஆறு மாதத்தில் நூறு கிலோவைத் தொடும். அதற்கு ஸ்கேன் எடுக்கத் தூக்கவே நாலு பேர் வேண்டும். நீண்டகால ஆய்வென்றால் கோட்டிங்கன் மாதிரிக் குட்டையினங்களைப் பாருங்கள். வளர்ந்தாலும் நாற்பது கிலோவை ஒட்டியே நிற்கும்.

தம்பியோ தங்கையோ தெரியவில்லை, முதலில் ஒரு வாரம் ஏதாவது பட்டியில் போய் நின்றுவிட்டு வந்து முடிவெடுங்கள்.

தேன்சிட்டு

தங்கைதான் ஐயா. ஒரு சந்தேகம். செல்லிலேயே இரண்டு பிரதியையும் கெடுத்து அதைக் குளோன் செய்தால் முதல் ஈற்றிலேயே நோய்க்குட்டி வந்துவிடுமே, அடுத்த தலைமுறைக்குக் காத்திருப்பானேன்?

கூழாங்கல்

வரும். ஆனால் குளோன் குட்டிகளுக்கே தனியாகச் சில கோளாறுகள் உண்டு. உடல் ஊதிப் பிறப்பது, தொப்புள்கொடி தடிப்பது, நுரையீரல் முதிராமல் இருப்பது. குட்டி செத்தால் உங்கள் மரபணுவால் செத்ததா, குளோனிங்கால் செத்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இணைசேர்த்துப் பிறந்த குட்டியென்றால் அதே ஈற்றில் நோயில்லாத உடன்பிறப்பும் பக்கத்திலேயே கிடக்கும், ஒப்பிட அதைவிட நல்ல துணை கிடைக்காது.

கருமுட்டையில் நேராகக் கிறிஸ்பரைச் செலுத்தினால் வேறு தலைவலி. கரு இரண்டு, நான்கு செல்லாகப் பிரிந்த பிறகும் வெட்டு நடந்துகொண்டிருக்கும். காதில் எடுத்த துணுக்கில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் வேறொரு மாற்றம் என்று ஒரே குட்டிக்குள் கலவையாகிவிடும். அதையும் அடுத்த தலைமுறையில்தான் பிரித்தெடுக்க வேண்டும்.

பகடை

புள்ளியியல்காரன் வந்துவிட்டேன், திட்ட வேண்டாம்.

தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான பிரதியைச் சுமந்தால் குட்டிகளில் நாலில் ஒன்றுக்கு நோய். ஈற்றுக்கு எட்டுக் குட்டி என்று வைத்தால் சராசரி இரண்டு. எல்லோரும் அந்த இரண்டை வைத்துத்தான் திட்டம் போடுவார்கள். ஆனால் எட்டிலும் நோய்க்குட்டி ஒன்றுகூட இல்லாமல் போக 10 சதவீத வாய்ப்பு. ஒன்று அல்லது ஒன்றுமே இல்லை என்பதற்கு 37 சதவீதம். அதாவது மூன்று ஈற்றில் ஒரு ஈற்றுக்கு மேல் உங்களை ஏமாற்றும். நாலு மாதம் காத்திருந்து வெறுங்கையோடு திரும்புவதற்கு இப்போதே மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரே ஈற்றுக் குட்டிகளைத் தனித்தனிச் சாட்சியாக எண்ணக் கூடாது. ஒரே கருப்பை, ஒரே பால், ஒரே நாள். ஆறு குட்டி இரண்டு ஈற்றிலிருந்து வந்தால் ஆறு என்று பெருமைப்படாதீர்கள், இரண்டுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரவாடி

எல்லோரும் எப்படிச் செய்வது என்றே பேசுகிறீர்கள். செய்யத்தான் வேண்டுமா?

கூழாங்கல் பன்றிக்கதையை அழகாகச் சொன்னார். விட்டுவிட்ட பாதியை நான் சொல்கிறேன். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் மூலக்குறையையே சரிசெய்த முதல் மருந்து ஐவகாஃப்டர். 2012 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதைப் பன்றியா கண்டுபிடித்தது? தட்டில் வளர்த்த செல்களில் ஆயிரக்கணக்கான வேதிப்பொருள்களைச் சலித்து, நோயாளிகளிடமிருந்து எடுத்த சுவாசக்குழாய்ச் செல்களில் சோதித்து எடுத்தார்கள். நெதர்லாந்தில் நோயாளியின் குடலிலிருந்து கடுகளவு திசு எடுத்து, குட்டிக் குடல் உருண்டைகளாக வளர்த்து, மருந்து பட்டதும் உருண்டை உப்புகிறதா என்று பார்த்தே அந்த ஆளுக்கு மருந்து கேட்குமா என்று சொல்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் அதுபோன்ற உருண்டைகளை வளர்க்கிறார்கள்.

விலங்கு ஆய்வுக்கு மூன்று நெறிகள், பதிலீடு, குறைப்பு, மேம்பாடு என்று ரஸலும் பர்ச்சும் 1959இலேயே எழுதிவைத்தார்கள். முதல் சொல் பதிலீடு. நாம் மூன்றாவதிலிருந்து படிக்கத் தொடங்குகிறோம்.

கூழாங்கல்

இரவாடி சொல்வது நியாயம், என் துறை இதை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. ஐவகாஃப்டர் செல் தட்டில்தான் பிறந்தது.

ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. அந்த மருந்துக்குக் கேட்கும் மரபணுப் பிறழ்வை ஃபெரெட் என்ற சிறு விலங்கில் வைத்தார்கள். கீரிபோல் நீண்ட உடம்பு, பெரிய விலங்கு என்று சொல்ல முடியாது, ஆனால் நுரையீரல் நம்மைப் போன்றது. சினையாக இருக்கும் தாய்க்கே மருந்து கொடுத்து, பிறந்த குட்டிக்கும் தொடர்ந்து கொடுத்தபோது கணையமும் குடலும் நுரையீரலும் காப்பாற்றப்பட்டன. நிறுத்தினால் நோய் திரும்பியது. இது 2019. பிறகு கருவுற்ற தாய்மார் இந்த வகை மருந்தை எடுத்ததில் வயிற்றிலிருந்த குழந்தையின் குடல் அடைப்பு விலகியதாக மருத்துவ அறிக்கைகளும் வந்தன.

குடல் உருண்டைக்குக் கருப்பை கிடையாது, வயது கிடையாது, பசி கிடையாது. மருந்து வேலை செய்யுமா என்று அதைக் கேளுங்கள். எப்போது தொடங்கினால் உறுப்பு பிழைக்கும் என்று அதைக் கேட்காதீர்கள்.

அலையாத்தி

நான் ஆய்வாளர் இல்லை. என் மகனுக்கு டுஷேன் தசைச்சிதைவு. இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

நோய் உறுதியான வாரம் இணையத்தில் தேடியபோது இதே நோயுள்ள கோல்டன் ரிட்ரீவர் நாய் ஒன்றின் காணொளி கிடைத்தது. எழுந்திருக்கும்போது பின்னங்கால் இரண்டையும் ஒட்டிவைத்து, முயல்போலத் துள்ளி, இரண்டடி நடந்து உட்கார்ந்துகொண்டது. என் பிள்ளை தரையிலிருந்து எழும்போது முட்டியில் கைவைத்துத் தொடை வழியே ஏறி எழுவான். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த நாய் யாரென்று தெரிந்துவிட்டது. அதன்பின் அந்தக் காணொளியைத் திறக்கவில்லை.

அந்த நாயின்மேல் பரிதாபமும் அந்த நாய் இருக்கிறதே என்ற நிம்மதியும் சேர்ந்தே வந்தன. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. என் கேள்வி இதுதான். எலியில் குணமாகிறது என்று வருடாவருடம் செய்தி வருகிறது. அதில் எத்தனைக்கு நான் எழுந்து உட்கார வேண்டும்?

கூழாங்கல்

நேராகவே சொல்கிறேன். டுஷேனுக்குப் பெரும்பாலும் பயன்படுத்தும் எலியை 1984இல் விவரித்தார்கள். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோஃபின் புரதம் இல்லை என்றாலும் அது ஏறக்குறைய முழு ஆயுளும் ஓடியாடும். தசை கெடக்கெட எலி திரும்பக் கட்டிக்கொள்கிறது. ஏற்கனவே ஓடுகிற எலியைக் கொஞ்சம் நன்றாக ஓடவைப்பது ஒன்று, எழ முடியாத நாயை எழவைப்பது வேறு. எலிச் செய்தி வந்தால் படித்து வையுங்கள். நாயிலோ பன்றியிலோ செய்து மூச்சுத்தசையும் இதயமும் தேறின என்று வந்தால் உட்கார்ந்து படியுங்கள்.

பகடை

நாய்களைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன், அலையாத்தி. ஆய்வக எலிகள் ஒரே வார்ப்பில் ஊற்றியவை. நாய்கள் அப்படி இல்லை. ஒரே பிறழ்வு இருந்தும் ஒரு நாய் சில நாளில் சாகும், இன்னொன்று வருடக்கணக்கில் நடக்கும். பிரேசிலில் ரிங்கோ, சுஃப்ளேர் என்று இரண்டு நாய்கள். டிஸ்ட்ரோஃபின் துளியும் இல்லை, ஆனாலும் ஓடின. ரிங்கோ பதினோரு வயதுவரை இருந்தது. ஏன் என்று தோண்டியதில் ஜாக்ட்1 என்ற இன்னொரு மரபணு அவற்றில் வழக்கத்தைவிட அதிகம் வேலை செய்கிறது என்று 2015இல் தெரிந்தது.

என் தொழிலுக்கு இந்த மாறுபாடு எமன். ஆறு நாயை வைத்து மருந்து வேலை செய்தது என்றால் நான் நம்பமாட்டேன், அவற்றில் ஒன்று ரிங்கோவாக இருக்கலாம். ஆனால் ரிங்கோவை ஒதுக்கியிருந்தால் ஜாக்ட்1 கிடைத்திருக்காது. இதை நான் புள்ளியியல் வகுப்பில் சொல்வதில்லை.

மாட்டுமணி

எல்லோரும் செய்வதைப் பற்றியே பேசுகிறோம், தேடுவதை மறந்துவிட்டோம். இந்தத் துறையின் பெரிய வெற்றிகள் பலவற்றை யாரும் ஆய்வகத்தில் செய்யவில்லை. யாரோ ஒரு கால்நடை மருத்துவர் இது ஏன் இப்படி இருக்கிறது என்று நின்று பார்த்ததால் வந்தவை.

பிரியார்ட் என்ற நாயினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே இருட்டில் முட்டிக்கொண்டன. ஆர்பிஈ65 மரபணுவில் நாலே டிஎன்ஏ எழுத்து குறைவு. அதே மரபணு கெட்டுப் பார்வையிழக்கும் குழந்தைகளும் உண்டு. 2001இல் மூன்று நாய்களுக்கு மரபணு சிகிச்சை கொடுத்துப் பார்வை வரவைத்தார்கள். அந்த வழியில் போனதுதான் 2017 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை. டாக்ஸ்ஹுண்ட் நாய்களுக்கு மூளை சிதையும் ஒரு வகை பேட்டன் நோய் உண்டு. இல்லாத நொதியை மூளைத் தண்டுவட நீரில் விட்டுப் பார்த்தார்கள், நாய்கள் கூடுதல் காலம் வாழ்ந்தன. குழந்தைகளுக்கான அதே நொதி மருந்தும் 2017இல்தான் ஒப்புதல் பெற்றது. கூழாங்கல் சொன்ன டே-சாக்ஸ் எலியில் வரவில்லை, ஆனால் ஜேக்கப் என்ற செம்மறி இனத்தில் தானாகவே இருந்தது.

பன்றியிலும் உண்டு. கொழுப்பில்லாத கறிக்காகத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து வளர்த்ததில் சில இனங்கள் லாரியில் ஏற்றினாலே உடம்பு கொதித்துச் செத்தன. மயக்க மருந்து கொடுத்தாலும் அதே சாவு. மனிதரில் சில குடும்பங்களில் அறுவை மேசையில் நடப்பதும் அதுதான். டான்ட்ரோலீன் என்ற மருந்து அதை நிறுத்தும் என்று 1975இல் காட்டியது பன்றியில். ஆர்ஒய்ஆர்1 மரபணுவில் ஒரே எழுத்து மாறியிருக்கிறது என்று 1991இல் கண்டதும் பன்றியில்தான்.

தங்கச்சி, உங்கள் நோய் எந்த ஆட்டுக்காவது நாய்க்காவது ஏற்கனவே இருக்கிறதா என்று கால்நடை இதழ்களை ஒரு மாதம் புரட்டுங்கள்.

தேன்சிட்டு

இதை யோசிக்கவே இல்லை ஐயா. எங்கள் குழுவில் யாரும் கால்நடை இதழ் படித்து நான் பார்த்ததில்லை.

இன்னொரு பயம். நோய் வராமல் போனால் ஒரு சிக்கல். ரொம்பக் கடுமையாக வந்தால்?

கூழாங்கல்

அதுவும் நடக்கும். எங்கள் பன்றிகளில் குடல் அடைப்பு எல்லாக் குட்டிக்கும் வரும். மனிதக் குழந்தைகளில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்குத்தான் வரும். நுரையீரலைப் பார்ப்பதற்குள் குட்டி குடலால் செத்துவிடும். அதனால் முதல் நாளே வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. பிறகு குடலில் மட்டும் சிஎஃப்டிஆர் வேலை செய்யும்படி இன்னொரு மாற்றத்தைச் சேர்த்தார்கள். ம்யூனிக்கில் 2013இல் வந்த டுஷேன் பன்றிகளும் அப்படித்தான், பல குட்டிகள் முதல் வாரம் தாண்டவில்லை, தாண்டியவையும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கவில்லை. ஆனால் 2020இல் அதே பன்றிகளில் கிறிஸ்பரால் மரபணுவைச் சரிக்கட்டி ஆயுளைக் கூட்டிக் காட்டியதும் அதே ஊர்க்காரர்கள்தான்.

எதிர்ப்பக்கம் ஹன்டிங்டன் செம்மறி. ஹன்டிங்டன் என்பது மூளை மெல்லச் சிதையும் பரம்பரை நோய். மனித மரபணுவை 73 சிஏஜி அடுக்குகளோடு (சிஏஜி என்ற மூன்று டிஎன்ஏ எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவது) வைத்தார்கள், மனிதரில் 40 தாண்டினாலே நோய் உறுதி. ஆடு வருடக்கணக்கில் மேய்ந்துகொண்டிருந்தது, தள்ளாட்டம் இல்லை, நடுக்கம் இல்லை. தோற்றுப்போன மாதிரி விலங்கு என்று பலர் கைகழுவினார்கள். ஆனால் அந்த ஆட்டு மூளையில் யூரியா கூடியிருப்பதைக் கண்டு, நோயால் இறந்த மனிதர்களின் மூளையில் தேடினார்கள். அங்கும் இருந்தது. 2017இல் வெளிவந்தது. அறிகுறியே இல்லாத ஆடு என்பதால்தான் நோய் தலைகாட்டும் முன்பே மூளையில் என்ன நடக்கிறது என்று பார்க்க முடிந்தது. அடுத்த வருடமே 150 அடுக்குகளோடு பன்றி வந்தது, அதில் நரம்புச்செல்கள் சாவது தெளிவாகத் தெரிந்தது. இரண்டில் எது நல்ல மாதிரி? முதல் மாற்றத்தைத் தேடினால் ஆடு, செல் சாவைத் தடுக்கும் மருந்து என்றால் பன்றி.

மாட்டுமணி

முதல் நாள் வயிற்றைத் திறப்பது என்றாரே, அதில் என் பாவம் ஒன்று இருக்கிறது.

பிறந்த குட்டிகளில் நோய்க்குட்டி எது என்று கண்ணால் தெரியாது. எல்லாம் ஒரே இளஞ்சிவப்பு, எல்லாம் முட்டிமோதிப் பால் குடிக்கும். நோயில்லாதவை சில மணி நேரத்தில் காட்டுப்பீ போய்விடும். போகாத குட்டிக்கு ஒரு நாள் கழித்து வயிறு மத்தளமாகும், பச்சையாகக் கக்கும். அதுவரை காத்தால் தாமதம். ஆகவே பிறந்தவுடன் காதோரம் ஒரு துணுக்கு வெட்டிக் குப்பியில் போட்டு, குட்டியின் முதுகில் பேனாவால் எண் எழுதி, முடிவு வரும்வரை வெப்ப விளக்கின்கீழ் விடுவோம்.

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்குப் பதினோரு குட்டி. முடிவு வந்தது, ஆறாம் எண்ணுக்கு நோய். ஆறை எடுத்து அறுவை செய்தேன். குடல் அழகாக, காலியாக, ஒரு அடைப்பும் இல்லாமல் இருந்தது. மூடித் தைத்துவிட்டு வெளியே வந்தால் ஒன்பதாம் குட்டிக்கு வயிறு உப்பத் தொடங்கியிருந்தது. குப்பி மூடியில் எழுதிய எண்ணைத் தலைகீழாகப் படித்திருக்கிறோம். நல்ல குட்டி தையலோடு பிழைத்தது. ஒன்பது மறுநாள் போய்விட்டது.

குறிப்பேட்டில் அதற்கு ஒரு வரிதான்.

இரவாடி

இதைப் பொதுவில் எழுதியதற்கு நன்றி, மாட்டுமணி.

நானும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். மரபணு சிகிச்சையின் அளவு விஷயத்தில் எனக்குப் பதில் இல்லை. எலி முப்பது கிராம், மூளை அரை கிராம்கூட இல்லை. அதில் மரபணுவைச் சுமந்துசெல்லும் ஏஏவி வைரஸ் எல்லா மூலைக்கும் போய்விடும். 2018இல் பென்சில்வேனியாவில் முதுகுத்தண்டுத் தசைச்சிதைவுக்கான மரபணுவை அதிக அளவில் ரத்தத்தில் செலுத்தியபோது குரங்குகளுக்குக் கல்லீரலும் நரம்பும் கெட்டன, பன்றிக்குட்டிகள் நடை தடுமாறின. எச்சரிக்கை எலியிலிருந்து வரவில்லை. ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா நோயுள்ள நாய்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்ததால்தான் வைரஸ் கொண்டுவந்த மரபணு கல்லீரல் செல்லின் டிஎன்ஏவுக்குள் நுழைவதும், அப்படி நுழைந்த சில செல்கள் பெருகுவதும் தெரிந்தது. உருண்டையைப் பத்து வருடம் வளர்க்க முடியாது.

ஆனால் இது தேன்சிட்டுக்குப் பொருந்தாது. அவரிடம் சிகிச்சையே இல்லை. இன்னும் நோயே புரியவில்லை.

கூழாங்கல்

பொருந்தாதுதான். தேன்சிட்டு, நான் உங்கள் இடத்தில் இருந்தால் எந்தக் குட்டியும் பிறக்கும் முன் இதைச் செய்வேன். சாதாரண எலி, சாதாரணப் பன்றி, மனிதர், மூன்று பேரின் சிறுநீரகத் திசுவை எடுத்து, உங்கள் புரதம் எந்தக் குழலில், எந்தச் செல்லில் இருக்கிறது என்று சாயமேற்றிப் பாருங்கள். அதன் கூட்டாளிப் புரதங்களையும் பாருங்கள். முக்கியமாக அதன் உறவுக்கார மரபணுக்கள், வேலையைப் பகிரக்கூடியவை, எலியில் அதே செல்லில் இருக்கின்றனவா? ஏடிபி12ஏவை 1992இலேயே யாராவது இப்படித் தேடியிருந்தால் எங்களுக்குப் பல வருடம் மிச்சம்.

திசுவுக்காக விலங்கைக் கொல்ல வேண்டியதும் இல்லை. ம்யூனிக்கில் நீரிழிவுப் பன்றிகளின் உறுப்புகளையும் நலமான பன்றிகளின் உறுப்புகளையும் சேர்த்துவைத்த திசு வங்கி ஒன்று 2017இல் தொடங்கியது. அதுபோன்ற இடங்களில் கேட்டுப்பாருங்கள்.

தேன்சிட்டு

வழிகாட்டியிடம் சொன்னேன். ஆறு வாரம் தருகிறேன், அதற்குள் முடி என்றார். முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

தேன்சிட்டு

ஏழு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இழை இன்னும் மூடவில்லை என்பதில் மகிழ்ச்சி.

எலியில் கூழாங்கல் சொன்ன மாதிரியே ஒரு உறவுக்கார மரபணு அதே செல்லில் முழுவீச்சில் வேலை செய்கிறது. மனிதச் சிறுநீரகத்தில் அந்த இடத்தில் அது இல்லை. எலி ஏன் தப்பியது என்பதற்கு எங்களிடம் இப்போது ஒரு காரணம் இருக்கிறது, அந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த நாள் பன்றித் திசு. அதிலும் இருக்கிறது. எலி அளவுக்கு இல்லை, ஆனால் தெளிவாக, அதே குழலில், அதே செல்லில். மூன்று பன்றி, மூன்றிலும்.

வழிகாட்டி இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் பன்றித் திட்டத்தின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறச் சொன்னார்.

பகடை

நோயே வராத குட்டிகளுக்காக ஒன்றரை வருடம் காத்திருக்க இருந்தீர்கள். நான் இதை என் வகுப்பில் சொல்லலாமா? பெயர் போடமாட்டேன்.

மாட்டுமணி

கால்நடை இதழ்களைப் புரட்டினீர்களா?

தேன்சிட்டு

சொல்லுங்கள் பகடை, என் பெயர் வேண்டாம், நோயின் பெயரும் வேண்டாம்.

புரட்டினேன் ஐயா. செம்மறி இனம் ஒன்றில் குட்டிகள் இளவயதில் சிறுநீரகம் கெட்டுச் சாவதாக ஒரு பழைய குறிப்பு, இரண்டே பக்கம், படம்கூட மங்கல். மரபணுவை யாரும் பார்க்கவில்லை. அது எங்கள் நோயாக இல்லாமலும் போகலாம். முதலில் நலமான செம்மறியின் திசுவில் அந்த உறவுக்கார மரபணு இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன். ஒரு கால்நடை மருத்துவர் வேறு காரணத்துக்காக உடற்கூறு செய்யும் ஆடுகளிலிருந்து எடுத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்.

மாட்டுமணி

செத்துப் பத்து நிமிடத்துக்குள் எடுக்கச் சொல்லுங்கள். பட்டாணி அளவுக்கு மேல் வெட்டாதீர்கள், பெரிய துண்டு நடுவில் உறைவதற்குள் கெட்டுவிடும். வெளிப்பட்டை ஒன்று, உள்பகுதி ஒன்று, தனித்தனிக் குப்பியில். திரவ நைட்ரஜன் கையோடு இருக்கட்டும், பிறகு போய் எடுக்கலாம் என்று வைக்காதீர்கள்.

தேன்சிட்டு

அப்படியே செய்தோம் ஐயா. இன்று காலை பன்னிரண்டு குப்பி உறைபெட்டிக்குள் போய்விட்டன. எண்ணை மூடியிலும் எழுதினேன், பக்கவாட்டிலும் எழுதினேன். ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.